உப்பு நீரும் உறுதி நெஞ்சமும்

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி. சமணர் மலையடிவாரம். தாமரைக் குளம், அய்யனார் கோவில், மேலே செட்டிப்புடவில் ஆயிரம் ஆண்டுகளாக அசையாது அமர்ந்திருக்கும் மகாவீரர் சிலை! பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் என்று சட்டம் வேலி போட்டிருக்கிறது, மலை நிற்கிறது. இதே மதுரை மாவட்டத்தில், மேலூர் வட்டாரத்தில், கிரானைட்டுக்காகக் குன்றுகள் கூறு போடப்பட்ட கொள்ளை 2012-ல் வெளிப்பட்டதையும் நாடறியும். ஒரு மலை தப்புகிறது, ஒரு மலை தலை இழக்கிறது. இடையே இருப்பது என்ன? சட்டம் மட்டுமா? இல்லை தோழர்களே! சட்டத்தைக் கேட்டுப் பெறும் மனிதன் இருக்கிறானா, இல்லையா என்பதுதான்.

அப்படிக் கேட்ட ஒரு மனிதரின் கதையை இன்று சொல்ல விரும்புகிறோம். சங்கரலிங்கம் ஜெகந்நாதன் அவர் பெயர். 1914-ல் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், வசதி படைத்த குடும்பத்தில் பிறந்தார். படித்திருந்தால் பட்டம் கிடைத்திருக்கும். பட்டம் பதவி தந்திருக்கும். ஆனால் 1930-ல் காந்தியாரின் அழைப்பு கேட்டுக் கல்லூரியை விட்டு வெளியே வந்தார். 1942 கிளர்ச்சியில் சிறை புகுந்தார். நாடு விடுதலை பெற்ற பிறகே திருமணம் என்று உறுதி பூண்டு, 1950-ல் மணம் முடித்தார்.

யாரை மணந்தார்? இங்குதான் நம் தலை நிமிர்கிறது. ஒடுக்கப்பட்ட சமுதாயத்தில் பிறந்து, வறுமையோடு போராடிப் படித்த கிருஷ்ணம்மாளை! சாதியின் கோட்டையை மேடையிலே இடிப்பவர் பலர்; வீட்டிலே இடிப்பவர் சிலர். அந்தச் சிலரில் ஒருவர் அவர். அவர் சர்வோதயத்தார், அவர் பாதையும் நம் பாதையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. அதற்காகப் போற்ற வேண்டியதைப் போற்றாதிருக்க முடியுமா?

வினோபாவின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்து நிலம் கேட்டார். 1968 டிசம்பர் 25 இரவில், கீழவெண்மணியில் 44 உயிர்கள் நெருப்புக்கு இரையாயின. கூலி கேட்ட குற்றத்துக்குக் குடிசையோடு கொளுத்தப்பட்ட ஏழைகள்! அதன் பிறகு கணவனும் மனைவியும் தஞ்சைத் தரணிக்கே வந்து சேர்ந்தனர். உழுபவனுக்கு நிலம் வாங்கித் தருவதற்காக 1981-ல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கினர்.

உழவனுக்கு நிலம் வந்தது. பின்னாலேயே வந்தது இறால்!

1990-களின் தொடக்கம். வெளிநாட்டுச் சந்தையில் இறாலுக்கு நல்ல விலை. கம்பெனிகள் நாகைக் கடற்கரைக்குப் படையெடுத்தன. நெல் விளைந்த மண்ணை வாங்கிக் குளம் வெட்டினர். கடல் நீரை இறைத்து நிரப்பினர். தீவனமும் மருந்தும் கலந்த கழிவு நீரைக் கால்வாயில் திறந்தனர். உப்பு அடுத்த வயலுக்குள் ஊறியது. குடிநீர்க் கிணற்றுக்குள் இறங்கியது. கடலுக்குப் போகும் மீனவனுக்குப் பாதை மறிக்கப்பட்டது. பத்துப் பேர் உழைத்த வயலிலே, குளம் காக்க ஓரிருவர் போதும் என்றாயிற்று. டாலர் கப்பலேறி வந்தது கம்பெனிக்கு; தண்ணீர்க் குடம் தூக்கித் தொலைதூரம் நடந்தது நம் தாய்மார்!

மறியல் செய்தார் ஜெகந்நாதன். உண்ணாநோன்பு இருந்தார். 1994-ல் உச்ச நீதிமன்றக் கதவைத் தட்டினார். அப்போது அவருக்கு வயது 80. பேரப்பிள்ளைகளோடு திண்ணையில் அமரும் வயதில், பெருமுதலாளிகளோடு வழக்காடப் புறப்பட்டார் அந்தப் பெரியவர்.

வழக்கின் உயிர்நாடி எது? 1991 பிப்ரவரியில் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை. உயர்ந்த அலை எட்டும் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், கடலோரம் இருந்தே தீர வேண்டிய தொழிலைத் தவிரப் புதுத் தொழில் கூடாது என்றது அது. இறாலுக்குக் கடல் நீர் வேண்டும், ஆகவே நாங்கள் கடலோரத் தொழிலே என்று வாதாடினர் பண்ணைக்காரர்கள். நாக்பூரைச் சேர்ந்த நீரி ஆய்வு நிலையத்தை நேரில் பார்த்து வரச் செய்தது நீதிமன்றம். வரவைவிட அழிவே அதிகம் என்று கணக்கு வந்தது.

1996 டிசம்பர் 11. நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது தீர்ப்பளித்தனர். தடைசெய்யப்பட்ட எல்லைக்குள் இருக்கும் பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும். பழைய பாரம்பரிய முறை வளர்ப்புக்கு விலக்கு. கெடுத்தவனே இழப்பீடு தர வேண்டும். இன்னொன்றைத் தொழிலாளத் தோழர்கள் நெஞ்சிலே எழுதிக்கொள்ள வேண்டும்: ஓராண்டாவது தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளிக்கு, ஆட்குறைப்பு இழப்பீட்டோடு ஆறாண்டுக் கூலியும் சேர்த்துத் தரவேண்டும் என்றது தீர்ப்பு. சுற்றுச்சூழலைக் காப்பது தொழிலாளியின் சோற்றில் மண் போடுவது என்று முதலாளிகள் சொல்லும் பழைய பல்லவிக்கு இதைவிடப் பதில் வேண்டுமா?

வென்றாரா ஜெகந்நாதன்? வழக்கில் வென்றார். ஆனால் பணத்துக்குப் பல வாசல் உண்டு! மறு ஆய்வு மனுக்கள் வந்தன. தீர்ப்பின் கூர் மழுங்கியது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பதிவும் கட்டுப்பாடும் வந்தன, உண்மை. ஆனால் 1991 அறிவிக்கையின் தடை இப்பண்ணைகளுக்கு என்றுமே இருந்ததில்லை என்று பின்தேதியிட்டு அறிவித்தது அச்சட்டம். நீதிமன்றத்தில் எழுதிய எழுத்தை நாடாளுமன்றத்தில் அழித்தார்கள்.

பெரியவர் சோரவில்லை. 2008-ல் அவருக்கும் கிருஷ்ணம்மாளுக்கும் சுவீடனின் வாழ்வுரிமை விருது கிடைத்தது. 2013 பிப்ரவரி 12-ல் அவர் கண் மூடினார்.

அவர் வாழ்வு நமக்குச் சொல்வது என்ன? தீர்ப்பு ஒரு கத்தி; அதைத் தீட்டிக்கொண்டே இருப்பது மக்களின் கை. அந்தக் கை ஓய்ந்தால் கத்தி துருப்பிடிக்கும். கை உயர்ந்தால்? அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது. ஊர்கள் ஒன்றுதிரண்டன, கிராம சபைகள் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது!

ஆகவே தோழர்களே, உங்கள் ஊருக்குக் கம்பெனி வந்தால் கல்லெறிய வேண்டாம். கும்பிட்டு வரவேற்கவும் வேண்டாம். சுற்றுச்சூழல் அனுமதி எங்கே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு எங்கே, கழிவு நீர் எந்த வாய்க்காலில் இறங்கும் என்று கேளுங்கள். எண்பது வயதுக் கிழவர் தில்லி வரை சென்று கேட்டார். இருபது வயதுக் காளைகள் கிராம சபை வரை செல்லக் கூடாதா?