காற்றுக்கு வழி வகுத்தவர்

விமானத்திற்குக் காற்றே துணை, காற்றே தடை. அத்தடையைக் குறைக்க வழி கண்ட அறிஞருள் பிரெட் வைக் என்பார் குறிப்பிடத்தக்கவர். 1899 ஆம் ஆண்டில் பிறந்த இவ்வமெரிக்கர், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று, 1922 இல் பட்டம் பெற்றார். பின்னர் 1925 இல் அந்நாட்டு அரசின் லாங்லி விமான ஆய்வகத்தில் பணியேற்றார்.

அக்காலத்து விமானங்கள் பலவற்றில், எஞ்சினின் உருளைகள் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் வட்டமாக அமைந்திருந்தன. எதிர்வரும் காற்றே அவற்றைக் குளிர்வித்தது. அதன்பொருட்டு அவை மூடப்படாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. காற்று அவற்றின்மீது மோதிச் சிதறிச் சுழன்று, விமானத்தைப் பின்னுக்கு இழுத்தது. உருளைகளை மூடினால் இழுப்புக் குறையும். ஆனால் எஞ்சின் சூடேறிக் கெடும். திறந்து வைத்தால் எஞ்சின் பிழைக்கும்; ஆனால் வேகம் குன்றும். இச்சிக்கலுக்குத் தீர்வு காண்பதே வைக்கின் பணியாயிற்று.

லாங்லியில் 20 அடி குறுக்களவுள்ள பெரிய காற்றுச் சுரங்கம் ஒன்று 1927 இல் வேலை செய்யத் தொடங்கியது. வைக் அதன் பொறுப்பாளராக இருந்தார். உண்மையான எஞ்சினையே அதனுள் நிறுத்தி, பலவகை உறைகளை அவரும் துணைவரும் ஒவ்வொன்றாகச் சோதித்தனர். எஞ்சினை முழுதும் மூடும் பத்தாம் உறையில் முதலில் வெப்பம் மிகுந்தது. அவர்கள் மனந்தளரவில்லை, உறையைப் பலமுறை திருத்தினர். இறுதியில், முன்வாயில் நுழையும் காற்றைத் தகடுகள் சூடான பகுதிகளின்மேல் செலுத்தின. பின்புறத்துக் குறுகிய இடைவெளி வழியே அது வெளிப்புறக் காற்றோடு இணைந்து சீராக வெளியேறியது. சிறிதளவு காற்றே, திசையறிந்து செலுத்தப்பட்டமையால், எஞ்சினைக் குளிர்விக்கப் போதுமாயிற்று.

1928 இல் இவ்வுறையை ஒரு கர்டிஸ் விமானத்தில் பொருத்திப் பறக்கவிட்டனர். மணிக்கு 118 மைலாக இருந்த அதன் வேகம் 137 மைலாக உயர்ந்தது. எஞ்சினின் ஆற்றலோ சிறிதும் கூட்டப்படவில்லை! இச்சாதனைக்காக 1929 ஆம் ஆண்டிற்குரிய காலியர் பரிசு, ஆய்வகத்தை நடத்திய குழுவிற்கு வழங்கப்பெற்றது. இங்கிலாந்தில் டௌனெண்டு என்பாரும் அக்காலத்திலேயே வளைய வடிவான உறை ஒன்றை அமைத்தார்.

பின்னாளில் வைக், எளிதில் நிலைகுலைந்து சுழன்று வீழாத எர்கூப் என்னும் சிறு விமானத்தை வகுத்தார். 1993 இல் அவர் மறைந்தார். தடையை வலிமையால் மட்டுமன்றி, அதன் இயல்பை அறிந்து நெறிப்படுத்துவதாலும் வெல்லலாம் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.