எரிந்துபோன கம்ப்யூட்டரை 76 வயதில் மறுபடியும் கட்டத் தொடங்கியவர்... யார் இந்த கொன்ராட் சூஸே?

உங்க வீட்டு பரண்ல பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோ, ஃப்ளாப்பி டிஸ்க் போடுற கம்ப்யூட்டரோ இன்னும் தூசி படிஞ்சு கிடக்குதா? அதை எடைக்குப் போடாதீங்க. அந்த மாதிரி பழைய மெஷின்களைத் தேடிப்பிடித்து, துரு நீக்கி, ஒயர் மாற்றி, மறுபடியும் ஓட வைப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஓடாவிட்டாலும் கையில் ஒரு பெட்டி இருக்கும். ஆனால் மெஷினும் இல்லை, அதன் வரைபடமும் இல்லை, எல்லாமே குண்டுவீச்சில் எரிந்துவிட்டது என்றால் என்ன செய்வது? அப்படி எரிந்துபோன ஒரு கம்ப்யூட்டரை, ஏறக்குறைய 50 வருடம் கழித்து, அதைச் செய்தவரே திரும்பச் செய்தார். அவர்தான் ஜெர்மனியின் கொன்ராட் சூஸே.

உலகின் முதல் கம்ப்யூட்டர் எது என்ற விவாதம் வரும்போதெல்லாம் தவறாமல் அடிபடும் பெயர் இது. ஆனால் ரொம்ப நாள் வரைக்கும் அந்த வாதத்துக்கு ஆதாரமாகக் காட்ட அவரிடம் முதல் மெஷினே கிடையாது.

கணக்கு போட்டு அலுத்துப்போன இன்ஜினியர்

1910 ஜூன் 22ஆம் தேதி பெர்லினில் பிறந்தவர் சூஸே. அப்பா தபால் துறை ஊழியர். பெர்லினில் சிவில் இன்ஜினியரிங் படித்து முடித்ததும், 1935ல் ஹென்ஷெல் என்ற விமானத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. விமானத்தின் பாகங்கள் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்கு போடும் வேலை. ஒரே மாதிரியான கணக்கு, திரும்பத் திரும்ப, பக்கம் பக்கமாக. இதை மனுஷன் ஏன் செய்யணும், மெஷின் செய்யக்கூடாதா என்ற யோசனை அவருக்கு மாணவராக இருந்தபோதே வந்துவிட்டது.

கொஞ்ச காலத்திலேயே வேலையை விட்டார். பெர்லினில் பெற்றோர் குடியிருந்த ஃபிளாட்டின் ஹாலை வொர்க்ஷாப் ஆக்கினார். கல்யாணமாகாத 26 வயசுப் பையன், நல்ல வேலையை விட்டுட்டு நடுஹாலில் தகரத்தை அறுத்துக்கொண்டு உட்கார்ந்தால் நம்ம வீட்டில் என்ன நடக்கும்? அங்கே பெற்றோரும் சகோதரியும் பணம் கொடுத்தார்கள். நண்பர்கள் பணமும் கொடுத்து, சாயங்காலம் வந்து தகடும் அறுத்துக் கொடுத்தார்கள். கால்குலேட்டர் தயாரிக்கும் தொழிலதிபர் ஒருவர், இந்தத் துறையில் கண்டுபிடிக்க இனி எதுவுமே பாக்கி இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு அவரும் காசு கொடுத்தார்.

1936ல் தொடங்கி 1938ல் முடிந்த அந்த மெஷின்தான் இசட்1. எடை ஏறக்குறைய ஒரு டன்.

சிப் இல்லை, ரிலே இல்லை... அப்புறம் எப்படி வேலை செய்தது?

இங்கேதான் சூஸேயின் மூளையைப் பார்க்கணும். இன்றைய கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் 0, 1 என்ற இரண்டே எண்களில் வைத்துக்கொள்கிறது என்பது நமக்குத் தெரியும். அன்றைய கால்குலேட்டர்கள் எல்லாம் 0 முதல் 9 வரை பல் சக்கரத்தை வைத்து ஓடின. சூஸே சக்கரத்தையே தூக்கிப் போட்டார். மெல்லிய உலோகத் தகடுகளில் துளை போட்டு, உள்ளே ஒரு சின்ன ஊசி. அது ஒரு பக்கம் இருந்தால் 0, மறுபக்கம் நகர்ந்தால் 1. இப்படி ஆயிரக்கணக்கான தகடுகள், ஒன்று நகர்ந்தால் அடுத்ததைத் தள்ளும்.

அதற்கு மெமரியும் உண்டு. மொத்தம் 64 எண்களை நினைவில் வைத்துக்கொள்ளும். புள்ளி வைத்த எண்களையும் போடும். இயக்க ஒரு மோட்டார். வேகம் எவ்வளவு தெரியுமா? நொடிக்கு ஒரு அடி, அவ்வளவுதான். உங்க கையில் இருக்கிற போன் நொடிக்கு நூறு கோடிக்கும் மேல் அடிக்கும்.

ப்ரோகிராமை எதில் கொடுப்பது? சினிமா ஃபிலிமில்! தியேட்டர்களில் ஓடி முடிந்து கழிக்கப்பட்ட 35 எம்எம் ஃபிலிம் சுருளில் துளை போட்டு, அதையே மெஷின் படிக்கும்படி செய்தார். ஹெல்முட் ஷ்ரையர் என்ற நண்பர் இதில் கூடவே இருந்தார். புதுசா வாங்கக் காசு இல்லாததால் கிடைத்த பழசை வைத்துச் சமாளித்த கதை இது.

ஒரே பிரச்னை, இசட்1 அடிக்கடி சிக்கிக்கொள்ளும். எங்கோ ஒரு தகடு லேசா பிசகினால் போதும், மொத்தமும் நின்றுவிடும். யோசனை சரி, தகடுதான் சரிப்பட்டு வரவில்லை. அதனால் அடுத்த மெஷின்களில் பழைய டெலிபோன் ரிலேக்களுக்கு மாறினார். எக்ஸ்சேஞ்சுகளில் டிக் டிக் என்று ஒட்டிப் பிரியும் மின்சார ஸ்விட்ச்தான் ரிலே. இப்படி 2,000க்கும் மேற்பட்ட ரிலேக்களோடு உருவான இசட்3ஐ, 1941 மே 12ஆம் தேதி பெர்லினில் விஞ்ஞானிகள் முன்னால் இயக்கிக் காட்டினார். ப்ரோகிராம் கொடுத்தால் தானே ஓடும், முழுமையாக வேலை செய்த முதல் கம்ப்யூட்டர் இதுதான் என்று பலர் சொல்வது இந்த இசட்3ஐத்தான்.

யாருக்காகக் கணக்கு போட்டது?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. அது ஹிட்லர் ஆட்சி, உலகப்போர் காலம். சூஸே நாஜிக் கட்சியில் உறுப்பினராக இருந்ததில்லை. ஆனால் போர்க்காலத்தில் ஹென்ஷெல் நிறுவனத்துக்காக எஸ்1, எஸ்2 என்று இரண்டு மெஷின்கள் செய்து கொடுத்தார். எச்எஸ் 293 என்ற ரேடியோவில் இயங்கும் குண்டின் இறக்கைகள் கொஞ்சம் கோணலாக வந்தால், எவ்வளவு திருத்தணும் என்று கணக்கு போடுவதுதான் வேலை. எஸ்2 இன்னும் ஒரு படி மேலே. இறக்கையை அளக்கும் கருவிகளை நேரடியாக மெஷினோடு இணைத்து, மனுஷன் கை படாமலே அளவைப் படிக்க வைத்தார். இன்று சென்சார் இல்லாத தொழிற்சாலையே கிடையாது. அதன் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று ஒரு குண்டுத் தொழிற்சாலையில் இருக்கிறது.

இந்த வகை குண்டுக்கும் நமக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. 1943 நவம்பர் 26ஆம் தேதி மத்தியதரைக் கடலில் ரோனா என்ற கப்பலை மூழ்கடித்தது ஒரு எச்எஸ் 293தான். அமெரிக்க வீரர்கள் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். கப்பல் ஊழியர்களில் பலர் இந்தியர்கள், அவர்களிலும் பலர் தப்பவில்லை. போருக்கு முன் அந்த ரோனா ஓடிக்கொண்டிருந்தது எங்கே? சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழித்தடத்தில். நம்ம தாத்தா பாட்டிகள் கதை கதையாகச் சொல்லும் ரஜூலா கப்பலின் ஜோடிக் கப்பல் அது.

பிற்காலத்தில் சூஸே இதைப் பற்றிப் பேசும்போது, இன்ஜினியர்கள் கேள்விக்குரிய இடங்களுக்கு வேலை செய்யணும், இல்லாவிட்டால் தங்கள் வேலையையே விடணும் என்ற நிலையில்தான் பெரும்பாலும் இருக்கிறார்கள் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். அது பதிலா, சமாளிப்பா என்பதைப் படிப்பவர்கள்தான் முடிவு செய்யணும். சமாளிப்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

பெட்டியோடு ஓடியவர்

அதே போர் அவருடைய மெஷின்களையும் விடவில்லை. 1943 டிசம்பர் குண்டுவீச்சில் இசட்3 அழிந்தது. இசட்1ம் அதன் வரைபடங்களும் இன்னொரு குண்டுவீச்சில் போயின. மிஞ்சியது, பாதி முடிந்திருந்த இசட்4 மட்டும்.

1945ல் பெர்லின் விழப்போகிறது என்று தெரிந்ததும் அந்த மெஷினைப் பிரித்து மூட்டை கட்டி, முதலில் கோட்டிங்கன் நகரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே வைத்து ஓட வைத்தார். பிறகு தெற்கே, ஆல்ப்ஸ் மலையடிவார கிராமம் ஒன்றுக்கு. வண்டி கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த நேரத்தில் உதவியது ஒரு பெயர்க் குழப்பம். சோதனை மாடல் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்தை வைத்து அந்த மெஷினுக்கு அப்போது வி4 என்று பெயர். வி1, வி2 என்ற ஏவுகணை ஆயுதங்கள் அப்போது பிரபலம். இதுவும் அந்த வரிசை ரகசிய ஆயுதம் போல என்று அதிகாரிகள் நினைத்துக்கொள்ள, வண்டி கிடைத்துவிட்டது!

போர் முடிந்த பிறகு கம்ப்யூட்டர் வாங்க யாருக்கும் காசும் இல்லை, ஆசையும் இல்லை. மெஷின் ஒரு கிராமத்தில் ஒதுங்கிக் கிடந்தது. 1949ல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஸ்டீஃபெல் தேடி வந்து பார்த்தார். ஒரு கணக்கு கொடுத்தார். மெஷின் போட்டுக் காட்டியது. வாடகைக்கு எடுத்துக்கொண்டார். 5 வருடத்துக்கு 30,000 சுவிஸ் ஃபிராங்க்.

பழைய மெஷினை வாங்கியவர்கள் முதலில் செய்வது என்ன? தங்களுக்குத் தேவையான பாகத்தைச் சேர்ப்பது. ஜூரிச்காரர்களும் அதையே கேட்டார்கள். கணக்கின் விடையைப் பார்த்து வேறு வழியில் திரும்பும் வசதி இசட்4ல் கிடையாது, அதை சூஸே சேர்த்துக் கொடுத்தார். விடையை அச்சடிக்க மெர்சிடிஸ் மெஷின் இணைக்கப்பட்டது. கார் இல்லைங்க, அந்தப் பெயரில் டைப்ரைட்டரும் இருந்தது. 1950 முதல் 1955 வரை அங்கே ஓடியது இசட்4. ராத்திரி ஆள் இல்லாமல்கூட ஓடவிட்டுப் போகும் அளவுக்கு நம்பகமானது. பிறகு பிரான்ஸில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் 1959 வரை. இப்போது மியூனிக் நகரின் டாய்ச்சஸ் மியூசியத்தில் இருக்கிறது. போர்க்காலத்து சூஸே கம்ப்யூட்டர்களில் அசலாக நம்மிடம் இருப்பது இது ஒன்றுதான்.

சொந்தமாகத் தொடங்கிய சூஸே நிறுவனம் 251 கம்ப்யூட்டர்கள் செய்தது. கம்ப்யூட்டர் சொல்கிறபடி படம் வரையும் கிராஃபோமாட் என்ற மெஷினையும் விற்றது. ஆனால் கடன் அழுத்த, 1960களில் நிறுவனம் கைமாறி, கடைசியில் சீமென்ஸிடம் போனது. 1967ல் இன்னொரு அடி. 1941ல் கேட்ட இசட்3 பேட்டன்ட்டை, கண்டுபிடிப்பு என்று சொல்லும் அளவுக்கு இதில் எதுவும் இல்லை என்று ஜெர்மன் பேட்டன்ட் நீதிமன்றம் முற்றாக நிராகரித்தது. 26 வருடம் காத்திருந்ததற்குக் கிடைத்த பதில்!

76 வயதில் ஏன் இந்த வேலை?

இசட்3க்கு 1960களிலேயே நிறுவனம் ஒரு நகல் செய்துவிட்டது. ரிலே சர்க்யூட்டைப் பேப்பரில் வரைந்துவிட்டால் யாரும் புரிந்துகொண்டு செய்யலாம். இசட்1 அப்படி இல்லை. எந்தத் தகடு எதைத் தள்ளும், எப்போது தள்ளும் என்பது முழுவதும் ஒரே ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது. அவர் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

1986ல் தொடங்கினார். இரண்டு மாணவர்கள் உதவிக்கு. சீமென்ஸ் உட்பட சில நிறுவனங்கள் பணம் கொடுத்தன, மொத்தச் செலவு 8 லட்சம் ஜெர்மன் மார்க். ஒரு காலத்தில் நண்பர்களின் கைக்காசில் உருவான மெஷின் அது. ஆயிரக்கணக்கான பாகங்களையும் நினைவிலிருந்து திரும்ப வரைந்தார். 1989ல், 79 வயதில், மெஷின் பெர்லின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குப் போனது.

இதில் ரசிக்கத்தக்க விஷயம், புது இசட்1ம் பழையது மாதிரியே அடிக்கடி சிக்கிக்கொண்டது. 50 வருடம் கழித்து நல்ல கருவிகளோடு செய்தும் அப்படித்தான். அப்படியென்றால் 1938ல் சிக்கியதற்கு ஹாலில் உட்கார்ந்து கையால் அறுத்த தகடு மட்டுமே காரணமில்லை, அந்த அமைப்பே அவ்வளவு நுணுக்கமானது என்று புரிகிறது. அசலுக்கும் நகலுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்ற கேள்வியும் உண்டு. வயதானவரின் நினைவிலிருந்து வந்தது, அசலை ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. ஆனால் இந்த நகல் இல்லை என்றால், பேராசிரியர் ராவுல் ரோஹாஸ் போன்றவர்கள் பின்னாளில் இசட்1 எப்படிக் கணக்கு போட்டது என்று படிப்படியாக எழுதி வைத்திருக்கவே முடியாது.

கடைசிக் காலத்தில் சூஸே அதிகம் செய்தது ஓவியம். 1995 டிசம்பர் 18ஆம் தேதி ஹ்யூன்ஃபெல்ட் ஊரில் இறந்தார். அவர் பிறந்து 100 வருடம் ஆன 2010ல், மகன் ஹோர்ஸ்ட் சூஸே புது ரிலேக்களை வாங்கி இன்னொரு இசட்3 செய்தார்.

மியூனிக்கில் இருக்கும் அசல் இசட்4 இப்போது ஓடுவதில்லை. அதன் கையேடும் ரொம்ப காலமாகக் காணாமல் போயிருந்தது. 2020ல், ஜூரிச் பல்கலைக்கழகத்தில் ஒரு காலத்தில் வேலை பார்த்த இன்ஜினியர் ஒருவரின் பழைய பேப்பர்களுக்கு நடுவே அவருடைய மகள் அதைக் கண்டெடுத்தார். கூடவே விமான இறக்கை அதிர்வு பற்றி இசட்4ல் போட்ட கணக்குகளின் குறிப்புகளும் இருந்தன.