இரும்புக் கோமகன்

வெலிங்டன் கோமகனுக்கு ‘இரும்புக் கோமகன்’ என்னும் பட்டப்பெயர், 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றமைக்காகக் கிடைத்தது என்றே பலரும் எண்ணுவர். போர்க்களம் அப்பெயரைத் தரவில்லை.

டப்ளினில் 1769இல் பிறந்த ஆதர் வெல்லஸ்லி, 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஆண்டவர். 1801இன் தொடக்கத்தில் நமது திருகோணமலையிலும் படையுடன் தங்கியிருந்தார். 1828இல் பிரதமரானார். கத்தோலிக்கருக்கு நாடாளுமன்றம் புகும் உரிமையை 1829இல் சட்டமாக்கியவரும் அவரே. ஆயினும் மறு ஆண்டு அயர்லாந்துப் பத்திரிகையொன்று, அவரது வளையாத போக்கைச் சுட்டிச் சற்றுக் கசப்புடனேயே அவரை ‘இரும்பு’ என்றது.

வாக்குரிமைச் சீர்திருத்தத்தை அவர் எதிர்த்தார். 1831 ஏப்ரலில், மனைவியின் பூதவுடல் வீட்டினுள் கிடக்கையிலேயே, இலண்டன் மக்கள் அவ்வீட்டின் யன்னல்களைக் கல்லெறிந்து நொறுக்கினர். ஒக்டோபரிலும் கற்கள் விழுந்தன. கோமகன் யன்னல்களுக்கு இரும்புக் கதவுகள் பொருத்தினார். அதன்பின் பட்டப்பெயரில் அந்த இரும்பும் ஏளனமாகச் சேர்ந்துகொண்டது.

காலம் ஏளனத்தை மறந்தது. உறுதி என்ற பொருளே எஞ்சியது. 1852இல் அவர் மறைந்தபோது, கல்லெறிந்த அதே நகரம் இறுதி ஊர்வலத்தைக் காணத் திரண்டது. 1912இல் பிரித்தானியப் போர்க்கப்பலொன்றும் அப்பெயருடன் கடலில் இறங்கியது. இரும்புக் கதவுகளை மட்டும் கோமகன் தமது ஆயுளில் அகற்றவேயில்லை. மகனே பின்னர் கழற்றினார்.