அடைக்கலம் தந்த மருத்துவர்

நுழையும்முன்

ஒரு கொடுமையை ஒழிக்கச் சட்டம் வேண்டும். ஆனால் அக்கொடுமையிலிருந்து விடுபட்டு வருவோர்க்கு, அன்று இரவு தங்குவதற்கு ஒரு கூரையும் உண்பதற்கு உணவும் வேண்டும். இவ்விரண்டையும் தம் கடமையாகக் கொண்டவர், புதுக்கோட்டை மண்ணில் பிறந்த மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டி. ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வீடாக விளங்கும் ஔவை இல்லம் தோன்றிய வரலாற்றை அவருடைய வாழ்க்கை வழியாக அறிவோம்.

கல்விக்கான போராட்டம்

முத்துலெட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி கல்விப் பணியாற்றியவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண்குழந்தைகள் கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்டு, மணவாழ்வும் குடும்ப உரிமையும் மறுக்கப்பட்ட வழக்கத்தின் துயரத்தை அவர் இளமையிலேயே அருகிருந்து உணர்ந்தார்.

பெண்கள் பள்ளிப் படிப்பைத் தாண்டுவதே அரிதாயிருந்த காலம் அது. முத்துலெட்சுமி மெட்ரிகுலேஷன் தேறியபின் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர விரும்பினார். ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் ஒரு பெண் சேர்வதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவு அளித்ததால் கல்லூரியின் கதவு திறந்தது. வகுப்பறையில் அவர் இருக்கையை மற்ற மாணவர்களிடமிருந்து ஒரு திரை மறைத்தது. அத்திரைக்குப் பின்னிருந்தே அவர் பயின்று தேறினார்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் சிறப்பான மதிப்பெண்களுடன் பட்டம் பெற்றார். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். கணவரின் துணை அவருடைய பொதுப்பணிக்கு உரமாயிற்று.

சட்டமன்றத்தில் ஒலித்த குரல்

மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்று திரும்பியபின், சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டார். சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. அவையின் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். குழந்தை மணத்தைத் தடுத்தல், பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான மருத்துவ வசதி, மாணவர்களின் உடல்நலப் பரிசோதனை ஆகியவற்றுக்காக அவர் அவையில் வாதாடினார்.

அவற்றுள் தலையாயது தேவதாசி முறை ஒழிப்பு. கோயிற்பணிக்கு ஈடாகத் தேவதாசிக் குடும்பங்கள் மானிய நிலங்களை அனுபவித்து வந்தன. பணியை விட்டால் நிலமும் போய்விடும். ஆகவே வறுமைக்கு அஞ்சியே பல தாயர் தம் மகளிரைப் பொட்டுக்கட்ட இசைந்தனர். இந்த வேரை உணர்ந்த முத்துலெட்சுமி, பணியிலிருந்து விடுபட்டாலும் நிலம் அக்குடும்பங்களுக்கே உரியதாகும் வகையில் அறநிலையச் சட்டத்தில் திருத்தம் கொணர்ந்தார். அது 1929இல் நிறைவேறியது. பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் மசோதாவையும் அவர் முன்வைத்தார். சமயத்தின் பெயராலும் மரபின் பெயராலும் எதிர்ப்புகள் வந்தன. மன்றத்திற்கு வெளியே தந்தை பெரியாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அவர் கொண்ட நோக்கத்திற்கு வலிமை சேர்த்தனர்.

1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து முத்துலெட்சுமி பதவியைத் துறந்தார். அவர் தொடங்கிய முயற்சி, 1947இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சிக் காலத்தில் முழுமையான தடைச்சட்டமாகக் கனிந்தது.

ஔவை இல்லம்

சட்டம் கனிவதற்கு முன்பே ஒரு கேள்வி அவர் வாயிலில் வந்து நின்றது. பொட்டுக்கட்டப்படுவதை விரும்பாத இளம்பெண்கள் சிலர் வீட்டை விட்டு வெளியேறி அவரிடம் அடைக்கலம் தேடி வந்தனர். அவர்களுக்கு நகரத்து விடுதிகளில் இடம் கேட்டார். சாதிவாரியாகப் பிரிந்திருந்த அவ்விடுதிகள், அவர்கள் பிறந்த குலத்தைக் காரணம் காட்டி இடம் தர மறுத்தன. கல்வி கற்று நல்வாழ்வு வாழ விரும்பியவர்களைச் சமூகமே வாயிலில் தடுத்தது. அவர்களைத் திருப்பி அனுப்பினால், எதிலிருந்து தப்பி வந்தார்களோ அதற்கே அனுப்புவதாகும்.

ஆகவே முத்துலெட்சுமி தம் இல்லத்திலேயே அவர்களுக்கு இடமளித்தார். 1930இல் இவ்வாறு தோன்றியதே ஔவை இல்லம். கல்வியையும் அறத்தையும் தமிழர்க்கு ஊட்டிய பெண்பாற் புலவரின் பெயரை அவர் அதற்குத் தேர்ந்தது பொருத்தமுடையது. சாதி, சமயம், பிறப்பு எதையும் கேளாமல் ஆதரவற்ற சிறுமியரையும் பெண்களையும் அவ்வில்லம் ஏற்றது. பின்னர் அடையாற்றுக்கு இடம்பெயர்ந்து வளர்ந்தது.

ஔவை இல்லம் சோறிடும் சத்திரமாக நின்றுவிடவில்லை. உணவும் உடையும் ஒருநாள் பசியையும் குளிரையும் தீர்க்கும். கல்வியும் தொழிலுமே ஒருவரை மீண்டும் பிறரிடம் கையேந்தாமல் காக்கும். இதனை உணர்ந்து அங்குப் பள்ளியும் தொழிற்பயிற்சியும் ஆசிரியப் பயிற்சியும் ஏற்படுத்தப்பட்டன. அடைக்கலம் தேடி வந்த பெண், பிறர்க்குக் கற்பிக்கும் ஆசிரியையாகவும் உயர வழி பிறந்தது.

நோயுற்றோர்க்கு ஒரு நம்பிக்கை

முத்துலெட்சுமியின் தங்கை இளவயதிலேயே புற்றுநோயால் மறைந்தார். அந்நோய்க்கு உரிய மருத்துவம் நம் நாட்டில் அரிதாயிருந்த நிலை அவரை வருத்தியது. தனிச் சிறப்பு மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் முயன்றார். இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் மக்களிடம் நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. அவர் மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டில் இணைந்த மருத்துவர் சாந்தாவும் அதனைப் பேணி வளர்த்தனர். பொருள் இல்லை என்பதற்காக ஏழை நோயாளிக்கு மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்பது அந்நிலையத்தின் நெறியாயிற்று.

நிலைத்த புகழ்

1956இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் முத்துலெட்சுமி மறைந்தார். ஏழைக் கருவுற்ற தாய்மார்க்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கல்லூரியில் தமக்கெனத் திறந்த ஒரு கதவோடு அவர் நிறைவடைந்திருக்கலாம். தாம் நுழைந்த கதவைத் தமக்குப் பின் வருவோர்க்கும் திறந்து வைத்ததே அவர் பெருமை. ஈகை என்பது மிஞ்சியதைக் கொடுப்பது மட்டுமன்று. பிறர் மறுத்த இடத்தில் இடம் கொடுப்பதும் ஆகும் என்பதை ஔவை இல்லம் இன்றும் உணர்த்துகிறது.