பிடி அரிசியில் விளைந்த கல்வி

விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளியை ஊர் மக்களே தோற்றுவித்துப் பேணினர். நாள்தோறும் உலையில் இடுமுன் இல்லத்தரசியர் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பர். அவ்வரிசியைத் திரட்டி, விற்ற பணத்தால் பள்ளி நடந்தது. 1903 சூலை 15ஆம் நாள் குமாரசாமி, சிவகாமி அம்மையார் ஆகியோரின் மகனாகப் பிறந்த காமராசர் பயின்றது அப்பள்ளியில்தான். இளமையிலேயே தந்தையை இழந்த அவருக்கு ஆறாம் வகுப்பிற்குமேல் படிப்பு வாய்க்கவில்லை. மாமனின் துணிக்கடை அவரை ஏற்றுக்கொண்டது. பின்னர் விடுதலைப் போராட்டம் அழைத்தது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழிந்தன.

1954 ஏப்ரல் 13ஆம் நாள் அவர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். பள்ளி நேரத்தைச் சுருக்கி, எஞ்சிய வேளையில் சிறுவர் பெற்றோரின் தொழிலைப் பழகுமாறு இராசாசி 1953இல் கொணர்ந்த திட்டத்தைக் கைவிட்டார். ஆயினும் அத்திட்டத்தின் பின்னிருந்த வினா மறைந்துவிடவில்லை. நிதி குறைவு, படிக்க வேண்டிய பிள்ளைகளோ பல இலட்சம். நிதித்துறையும் கல்வித்துறையும் சி. சுப்பிரமணியம் என்னும் ஒருவரிடமே இருந்தமை அன்று பெருந்துணையாயிற்று. கல்வித்துறை இயக்குநராக நெ. து. சுந்தரவடிவேலு செயலாற்றினார். உதவிபெறும் பள்ளி ஆசிரியர்க்கு ஓய்வூதியம், சேமநிதி, காப்புறுதி ஆகிய மூன்றும் 1955இல் கிட்டின.

பள்ளி திறந்தால் மட்டும் பிள்ளை வந்துவிடுமா? பசித்த பிள்ளை மாடு மேய்க்கத்தான் போகும். இவ்வுண்மையைத் தம் வாழ்விலேயே உணர்ந்தவர் காமராசர். 1956இல் மதிய உணவுத் திட்டம் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கப்பெற்றது. செலவில் நூற்றுக்கு அறுபது பங்கை அரசு ஏற்க, நாற்பது பங்கை ஊரார் ஈந்தனர். விருதுநகரின் பிடி அரிசி மாநிலத்தின் நெறியாக மலர்ந்தது எனலாம்.

1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இவ்வழியிலேயே நடந்தன. கட்டடம், நாற்காலி, கரும்பலகை, சீருடை எனத் தத்தம் ஊர்ப் பள்ளிக்கு மக்கள் வழங்கினர். பள்ளிக் கட்டணமும் படிப்படியாக நீங்கிற்று.

குறைகளும் இருந்தன. ஓராசிரியர் பள்ளிகள் பலவாக இருந்தமையின் கற்பித்தலின் தரம் எங்கும் ஒன்றாக அமையவில்லை. செல்வர் வாழும் ஊர் எளிதில் ஈந்தது. மழை பொய்த்த ஊரில் அந்நாற்பது பங்கே பெருஞ்சுமையாயிற்று. ஊராரின் அன்பு பள்ளியைத் தொடங்கி வைக்கும். அதனை எல்லா ஊரிலும் ஒப்ப நிலைநிறுத்த அரசின் கருவூலமே வேண்டும். 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் விரிந்த சத்துணவுத் திட்டமும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இப்பாடத்தின் தொடர்ச்சியே.

1963 அக்டோபர் 2இல் பதவியைத் தாமே துறந்த காமராசர், 1975இல் அதே அக்டோபர் 2இல் மறைந்தார். சொந்தமாக ஒரு குடும்பமோ, சேர்த்து வைத்த செல்வமோ அவருக்கில்லை. அவர் பிறந்தநாள் இன்று கல்வி வளர்ச்சி நாளாகப் போற்றப்படுகிறது. ஆறாம் வகுப்போடு நின்ற சிறுவனின் பெயரால் பள்ளிதோறும் விழா எடுக்கும் அந்நாளில், பாதியில் படிப்பை விட்ட பிள்ளை நம் தெருவில் எவரேனும் உண்டா எனத் தேடிப் பார்த்தலே அவருக்குச் செய்யும் உண்மையான சிறப்பாகும்.