25 ரூபாயுடன் சிம்லா சென்றவர்: ஓபராய் ஓட்டல்களில் உயர்ந்து நிற்பது எது? ஒரு வாழ்க்கை வழியாக ஒப்பீடு

பெங்களூரு: மகாத்மா காந்தி சாலையின் இரைச்சலில் இருந்து சில அடிகள் உள்ளே சென்றால் ஓபராய் ஓட்டலின் தோட்டம் தொடங்கிவிடுகிறது. கிளை பரப்பி நிற்கும் முதிய தூங்குமூஞ்சி மரமும், அதைச் சுற்றிய பசுமையும், தோட்டத்தைப் பார்த்து அமர வசதியாக ஒவ்வோர் அறைக்கும் அமைந்த தனி மாடமும் இந்த ஓட்டலின் அடையாளங்கள். 1992ஆம் ஆண்டு இது திறக்கப்பட்டபோது, இந்தச் சங்கிலியைத் தொடங்கிய மோகன் சிங் ஓபராய் 90 வயதைக் கடந்திருந்தார்.

ஓபராய் குழுமத்தின் ஓட்டல்களில் சிறந்தது எது என்ற கேள்வி பயணிகளிடையே அடிக்கடி எழுவதுண்டு. ராஜஸ்தானின் அரண்மனை பாணி விடுதிகளைச் சிலர் சொல்வார்கள். தாஜ்மகால் தெரியும் ஆக்ரா அமர்விலாஸ் ஓட்டலைச் சிலர் சொல்வார்கள். 2015ஆம் ஆண்டு அமெரிக்கப் பயண இதழான டிராவல் அண்ட் லெஷரின் வாசகர்கள், உதய்ப்பூரில் உள்ள உதய்விலாஸ் ஓட்டலை உலகிலேயே சிறந்ததாகத் தேர்ந்தெடுத்தனர். ஆனால் அறையின் அழகையும் கட்டணத்தையும் மட்டும் வைத்து அளந்தால், இந்த ஓட்டல்களுக்கு இடையே உள்ள உண்மையான வேறுபாடு பிடிபடாது. ஒவ்வொன்றும் அதை உருவாக்கியவரின் வாழ்க்கையில் வெவ்வேறு நெருக்கடியில் பிறந்தது. அவற்றுள் இரண்டையேனும் அவர் இழந்திருந்தால், மற்றவை இன்று இருந்திருக்காது.

ஊரைவிட்டு வெளியேறிய இளைஞர்

மோகன் சிங் ஓபராய் 1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி, அன்றைய பஞ்சாபின் ஜீலம் மாவட்டத்தில் உள்ள பவுன் என்ற கிராமத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. அவர் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட, தாய் பாகவந்தி தனியாளாக நின்று வளர்த்தார். ராவல்பிண்டியிலும் லாகூரிலும் படித்த அவரால் பணமின்மையால் பட்டப்படிப்பை எட்ட முடியவில்லை. அமிர்தசரஸில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றார்; வேலை கிடைக்கவில்லை. லாகூரில் உறவினரின் காலணித் தொழிற்சாலையில் சேர்ந்தார். 1919ஆம் ஆண்டின் கொந்தளிப்பில் அதுவும் மூடப்பட்டது.

1920ஆம் ஆண்டு இஷ்ரன் தேவியை மணந்தார். ஊரில் பிளேக் நோய் பரவத் தொடங்கியதும், இங்கே இருக்க வேண்டாம், வேலை தேடிப் போ என்று தாய் வற்புறுத்தி அனுப்பினார். வழிச்செலவுக்கு அவர் கொடுத்த தொகை 25 ரூபாய். அரசு எழுத்தர் தேர்வு எழுதுவதற்காக 1922ஆம் ஆண்டு சிம்லா சென்ற ஓபராய் அந்தத் தேர்வில் தேறவில்லை. ஊருக்குத் திரும்பவும் வழியில்லாத நிலையில், ஆங்கிலேயர்கள் தங்கும் செசில் ஓட்டலின் வாசலில் வேலை கேட்டு நின்றார். மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது.

செசிலில் நடந்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லிவந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. ஓட்டலில் தங்கியிருந்த மோதிலால் நேரு, அவசரமாக ஓர் அறிக்கையைத் தட்டச்சு செய்து தரும்படி கேட்டாராம். இரவு முழுவதும் விழித்திருந்து முடித்துக் காலையில் கொடுத்த எழுத்தருக்கு அவர் நூறு ரூபாய் நோட்டு ஒன்றைத் தந்தார். இரண்டு மாதச் சம்பளம் ஒரே தாளில் வந்தது அந்த இளைஞருக்குக் கனவு போலிருந்தது.

நகைகளை அடகு வைத்து வாங்கிய முதல் ஓட்டல்

செசிலின் மேலாளராக இருந்த கிளார்க், பின்னர் சிம்லாவிலேயே கார்ல்டன் என்ற சிறிய ஓட்டலைத் தனியாக எடுத்து நடத்தினார். அதற்குக் கிளார்க்ஸ் என்று தம் பெயரையே சூட்டிய அவர், நம்பிக்கைக்குரிய உதவியாளராக ஓபராயை உடன் அழைத்துக்கொண்டார். கிளார்க் விடுப்பில் இங்கிலாந்து சென்ற மாதங்களில் ஓட்டல் முழுவதும் ஓபராயின் பொறுப்பில் இருந்தது. விருந்தினர் எண்ணிக்கை கூடியது. காய்கறியும் இறைச்சியும் வாங்குவதைக் கடைக்காரர்களிடம் விட்டுவிடாமல், கணவனும் மனைவியும் தாமே சந்தைக்குப் போய்ப் பார்த்து வாங்கினர். சமையலறைச் செலவு இறங்கியது. ஓட்டல் தொழிலில் லாபம் பெரும்பாலும் வரவேற்பறையில் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதை அவர் கற்ற இடம் இது.

கிளார்க் ஓட்டலை விற்றுவிட்டுத் தாயகம் திரும்ப முடிவு செய்தபோது, ஓபராயிடம் அதை வாங்கும் அளவுக்குப் பணம் இல்லை. தம் உடைமைகள் அனைத்தையும் மனைவியின் நகைகளையும் அடகு வைத்தார். 1934ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதி கிளார்க்ஸ் அவர் பெயருக்கு மாறியது. அவருக்கு 36 வயது நிறைவதற்கு முந்தைய நாள் அது. தொழில் சரிந்திருந்தால் குடும்பத்திடம் எஞ்சியிருக்கக்கூடியது எதுவும் இல்லை.

வசதியில் கிளார்க்ஸ் இன்றும் எளிய ஓட்டல்தான். மால் சாலையில் மரச்சட்டங்களுடன் நிற்கும் அந்தக் கட்டடத்தை உதய்விலாஸின் குளங்களோடும் குவிமாடங்களோடும் ஒப்பிட முடியாது. ஆயினும் சங்கிலியின் முதல் கண்ணி அதுவே.

யாரும் நெருங்கத் தயங்கிய கல்கத்தா ஓட்டல்

ஓபராய் ஓட்டல்களில் மிக முக்கியமானது எது என்று கேட்டால், கொல்கத்தாவின் கிராண்ட் ஓட்டலையே சொல்ல வேண்டும். சௌரங்கி சாலையில், மைதானத்துக்கு எதிரே, வெள்ளைத் தூண் வரிசையோடு நீளும் இந்த மாளிகையை இசுபகானில் இருந்து வந்த ஆர்மீனியரான அரத்தூன் ஸ்டீபன் உருவாக்கினார். 1927ஆம் ஆண்டு அவர் இறந்த பின் ஓட்டல் தளர்ந்தது. 1930களில் விருந்தினர்கள் நோய் தொற்றி இறந்ததாகச் செய்தி பரவ, கதவுகள் மூடப்பட்டன. சுமார் 500 அறைகள் கொண்ட கட்டடம் ஆளில்லாமல் கிடந்தது.

இறப்புச் செய்தியால் பெயர் கெட்ட ஓட்டலை எடுத்து நடத்தப் பெருமுதலாளிகளே தயங்கினர். மலைநகரத்தில் ஒரு சிறிய ஓட்டல் மட்டுமே வைத்திருந்த ஓபராய் 1938ஆம் ஆண்டு அதைக் குத்தகைக்கு எடுத்தார். கட்டடத்தை ஒரே மூச்சில் திறக்க அவரிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. பகுதி பகுதியாகச் சீரமைத்து, வரும் வருமானத்தைக் கொண்டு அடுத்த பகுதியைத் திறந்தார்.

அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டது. கல்கத்தா நேச நாட்டுப் படைகளின் பெருந்தளமாக மாற, படைவீரர்களுக்குத் தங்குமிடம் தேடிய ராணுவத்துக்குக் கிராண்ட் பயன்பட்டது. ஓட்டல் நிரம்பியது. போர் வந்ததால்தான் அவர் தப்பினார் என்று சொல்வோர் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் போர் வருவதற்கு முன்பே குத்தகைப் பத்திரத்தில் அவர் கையெழுத்திட்டுவிட்டார் என்பதையும் மறக்கக் கூடாது. அதே நகரின் தெருக்களில் 1943ஆம் ஆண்டு பஞ்சத்தால் மக்கள் மடிந்துகொண்டிருந்தனர் என்பதும் அந்தச் செழிப்போடு சேர்த்து நினைக்க வேண்டிய செய்தி.

கிராண்ட் தந்த பலத்தால் 1943ஆம் ஆண்டு அவர் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் பங்குகளை வாங்கி அதைக் கைப்பற்றினார். சிம்லாவின் செசில், டெல்லியின் மெய்டன்ஸ், லாகூரின் ஃபலட்டீஸ், ராவல்பிண்டியின் ஃபிளாஷ்மன்ஸ், பெஷாவரின் டீன்ஸ் ஆகியவை அந்நிறுவனத்துக்கு உரியவை. நாட்டின் மிகப் பெரிய ஓட்டல் சங்கிலி முதன்முறையாக ஓர் இந்தியரின் கைக்கு வந்தது. 21 ஆண்டுகளுக்கு முன் வேலை கேட்டு நின்ற வாசலுக்கு அவரே உரிமையாளரானார். ஆங்கிலேய அரசு அவருக்கு ராய் பகதூர் பட்டம் அளித்ததும் அதே ஆண்டில்தான்.

நான்கு ஆண்டுகளில் நாடு பிரிந்தது. அவருடைய 49ஆவது பிறந்தநாளும் இந்தியாவின் முதல் சுதந்திர தினமும் ஒரே நாளில் வந்தன. பிறந்த கிராமமும், லாகூர், ராவல்பிண்டி, பெஷாவர் ஓட்டல்களும் எல்லைக்கு அப்பால் போயின. அந்த ஓட்டல்கள் பின்னர் அவர் கையைவிட்டு முழுவதும் நழுவின. 1949ஆம் ஆண்டு ஈஸ்ட் இந்தியா ஹோட்டல்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, எஞ்சியதை வைத்து மீண்டும் அடுக்கத் தொடங்கினார்.

டெல்லியும் மும்பையும்

அதுவரை அவர் நடத்தியவற்றுள் பெரும்பாலானவை பிறர் கட்டியவை. பழைய கட்டடத்தை வாங்கி மெருகேற்றுவதே அவர் வழி. 1965ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டெல்லி ஓபராய் இன்டர்கான்டினென்டல் அந்த வழக்கத்தை மாற்றியது. பான் அமெரிக்கன் விமான நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்த இன்டர்கான்டினென்டல் ஓட்டல் நிறுவனத்துடன் சேர்ந்து அவர் எழுப்பிய இது, வெளிநாட்டுச் சங்கிலியுடன் இணைந்து இந்தியாவில் அமைந்த முதல் நவீன சொகுசு ஓட்டலாகக் கருதப்படுகிறது. ஒரு பக்கம் கோல்ஃப் மைதானம், மறுபக்கம் ஹுமாயூன் கல்லறையின் குவிமாடம் என்று அமைந்த அதன் காட்சிக்கு ஈடான இடம் தலைநகரில் அரிது.

மும்பையின் கதை வேறு. கடலைத் தூர்த்து உருவாக்கிய நாரிமன் முனையில் 1973ஆம் ஆண்டு 35 மாடிகளுடன் ஓபராய் ஷெரட்டன் எழுந்தது. டெல்லி ஓட்டல் அகலமும் அமைதியும் கொண்டது என்றால், இது உயரமும் துணிச்சலும் கொண்டது. அப்போது அவருக்கு வயது 75ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோபுரம் இப்போது குழுமத்தின் மற்றொரு பெயரான ட்ரைடென்ட்டின் கீழ் இயங்குகிறது. பக்கத்திலேயே 1986ஆம் ஆண்டு தனியாக ஓர் ஓபராய் ஓட்டலும் வந்தது. அவர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 2008 நவம்பர் 26 தாக்குதலில் இவ்விரு ஓட்டல்களும் இலக்காகி உயிர்ப்பலி கண்டு, பின்னர் மீண்டும் திறக்கப்பட்டன.

கடல் கடந்த ஓட்டல்களில் எகிப்தின் மேனா ஹவுஸுக்குத் தனி இடம் உண்டு. கீசா பிரமிடுகளின் அடிவாரத்தில், அரச வேட்டை மாளிகையாக இருந்து 19ஆம் நூற்றாண்டில் ஓட்டலான அதைக் குழுமம் 1970களில் இருந்து பல பத்தாண்டுகள் நடத்தியது. 1977ஆம் ஆண்டு டிசம்பரில் எகிப்து, இஸ்ரேல் பிரதிநிதிகள் பேச்சுவார்த்தைக்கு அமர்ந்தது அங்கேதான். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரின் பழம்பெரும் விண்ட்சர் ஓட்டலும் சில காலம் குழுமத்தின் வசம் இருந்தது. பஞ்சாப் கிராமத்தில் பிறந்த ஒருவரின் பெயர் ஆங்கிலேயர் கட்டிய ஓட்டல்களின் முகப்பில் ஏறிய காலம் அது.

இவற்றுக்கு நடுவே, 1959ஆம் ஆண்டு விமானப் பயணிகளுக்கு உணவு தயாரிக்கும் பிரிவைத் தொடங்கினார். 1966ஆம் ஆண்டு ஓட்டல் மேலாண்மைப் பள்ளி ஒன்றை நிறுவினார். அறைகளைப் பராமரிக்கும் பணியில் பெண்களை அமர்த்திய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். மாநிலங்களவைக்கு 1962, 1972ஆம் ஆண்டுகளிலும், மக்களவைக்கு 1968ஆம் ஆண்டிலும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசியலில் அவர் பெயர் பெரிதாக நிலைக்கவில்லை.

தெற்கே தாமதமாக

தென்னிந்தியாவின் பெருநகரங்களுக்கு ஓபராய் பெயர் காலந்தாழ்த்தியே வந்தது. பெங்களூருவின் வெஸ்ட் எண்ட், சென்னையின் கன்னிமாரா ஆகிய புகழ்பெற்ற பழைய ஓட்டல்கள் நெடுங்காலம் ஸ்பென்சர் நிறுவனத்தின் கையில் இருந்தன; பிற்காலத்தில் தாஜ் குழுமத்திடம் சென்றன. வடக்கில் செய்தது போலப் பழைய மாளிகை ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கும் வாய்ப்பு ஓபராய்க்கு இங்கு அமையவில்லை.

ஆகவே பெங்களூரு ஓட்டல் புதிதாகவே கட்டப்பட்டது. மென்பொருள் நிறுவனங்கள் வேரூன்றத் தொடங்கிய 1992ஆம் ஆண்டில், ராணுவக் குடியிருப்புப் பகுதியின் பழைய மணம் மாறாத மகாத்மா காந்தி சாலையில் அது திறக்கப்பட்டது. சுமார் 160 அறைகளே கொண்ட இதற்குக் கிராண்டின் வரலாறும் இல்லை, நாரிமன் முனையின் உயரமும் இல்லை. பின்னாளில் சாலையின் மேல் மெட்ரோ ரயில் பாலம் வந்தது, கடைகள் மாறின, போக்குவரத்து பெருகியது. நகரம் நெருக்க நெருக்க, தோட்டத்தைப் பார்த்த அந்த மாடங்களின் மதிப்பு கூடியது. இரண்டு நாள் வேலையாக வருபவர் தங்குவதற்கு, குழுமத்தின் நகர ஓட்டல்களில் இதைவிடப் பொருத்தமானது குறைவு என்றே தோன்றுகிறது. விழாக்கோலம் தேடுவோர் உதய்ப்பூர் போகலாம்.

இந்தக் காலகட்டத்தில் நிர்வாகம் இளைய மகன் பிருத்வி ராஜ் சிங் ஓபராயின் கைக்கு வந்திருந்தது. மூத்த மகன் திலக் ராஜ் 1984ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். ஜெய்ப்பூர் ராஜ்விலாஸ் தொடங்கி ஆக்ரா, உதய்ப்பூர் வரை வந்த விலாஸ் விடுதிகள் இளைய மகனின் கற்பனை. இன்று உலகப் பட்டியல்களில் இடம்பெறும் ஓபராய் ஓட்டல்களில் பெரும்பாலானவை அவர் காலத்தவை என்பதால், தந்தையின் ஓட்டல்கள் எவை, மகனின் ஓட்டல்கள் எவை என்று பிரித்துப் பார்க்காமல் ஒப்பிடுவது சரியாகாது. தந்தை, வீழ்ந்து கிடந்த கட்டடங்களைத் தூக்கி நிறுத்தினார். மகனுக்கு வெற்று நிலத்தில் அரண்மனை எழுப்பும் வசதி இருந்தது. அவரும் 2023ஆம் ஆண்டு நவம்பரில் மறைந்தார்.

மோகன் சிங் ஓபராய்க்கு 2001ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 2002ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி, 103ஆவது வயதில் டெல்லியில் காலமானார்.

அவர் எழுத்தராக வேலை பார்த்த சிம்லா செசில், 1980களில் மூடப்பட்டு, பல ஆண்டுகள் நீடித்த சீரமைப்புக்குப் பின் 1997ஆம் ஆண்டு அவர் உயிரோடு இருக்கும்போதே மீண்டும் திறக்கப்பட்டது. சௌரா மைதானத்தில் உள்ள அந்த ஓட்டலில் இருந்து, நகைகளை அடகு வைத்து வாங்கிய கிளார்க்ஸுக்கு மால் சாலை வழியாக நடந்தே போய்விடலாம்.