கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன்

கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் (ஜூன் 6, 1850 – ஏப்ரல் 20, 1918) ஜெர்மானிய இயற்பியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். கம்பியில்லாத் தந்தியின் வளர்ச்சிக்கு ஆற்றிய பணிக்காக 1909 ஆம் ஆண்டின் இயற்பியலுக்கான நோபல் பரிசை மார்க்கோனியுடன் பகிர்ந்து கொண்டார். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் இருந்த எதிர்மின் கதிர்க் குழாயை உருவாக்கியவர் என்றே இவர் பெரிதும் அறியப்படுகிறார். உயர்ந்த கம்பத்துக்கு மாற்றாக வெறும் கம்பிச்சுருளையே ஆண்டெனாவாகப் பயன்படுத்திய முன்னோடிகளுள் இவரும் ஒருவர் என்பது அவ்வளவாக அறியப்படாதது.

இளமையும் கல்வியும்

பிரவுன் ஜெர்மனியின் ஃபுல்டா நகரில் பிறந்தார். மார்பர்க், பெர்லின் பல்கலைக்கழகங்களில் பயின்று, அதிரும் கம்பிகளைப் பற்றிய ஆய்வுக்காக 1872 இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் லைப்சிக் நகரில் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தார். சில உலோக சல்பைடுப் படிகங்கள் மின்னோட்டத்தை ஒரு திசையில் எளிதாகவும் எதிர்த்திசையில் அரிதாகவும் கடத்துவதை 1874 இல் அறிவித்தார். இன்றைய டையோடின் தொடக்கம் இதுவே. எனினும் அன்று அதற்குப் பயன் ஏதும் இருக்கவில்லை. வானொலி அலைகளை உணரும் கருவியாகப் படிகம் பயன்படத் தொடங்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பல பல்கலைக்கழகங்களில் பணியாற்றிய பின், 1895 இல் ஸ்ட்ராஸ்பூர்க் இயற்பியல் நிறுவனத்தின் இயக்குநரானார். இன்று பிரான்சில் உள்ள அந்நகரம் அப்போது ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. அங்கு 1897 இல் எதிர்மின் கதிர்க் குழாயை வெளியிட்டார். குழாயின் அருகே உள்ள சுருளில் மின்னோட்டம் மாறும்போது திரையில் ஒளிப்புள்ளி அசையும். இதனால் விரைந்து மாறும் மின்னோட்டத்தைக் கண்ணால் காண முடிந்தது. இக்கருவிக்கு அவர் காப்புரிமை பெறவில்லை.

கம்பியில்லாத் தந்தி

மார்க்கோனியின் தொடக்கக் கருவிகளில் தீப்பொறி இடைவெளி ஆண்டெனாவிலேயே இருந்தது. ஆற்றலைக் கூட்ட இடைவெளியை அகலமாக்கினால் ஓரளவுக்கு மேல் பயன் இல்லை. பிரவுன் 1898 இல் தீப்பொறியை ஆண்டெனாவிலிருந்து பிரித்தார். மின்தேக்கிகளும் சுருளும் கொண்ட ஒரு மூடிய சுற்றில் அதை அமைத்து, அங்கு எழும் அலைவைச் சுருள்களின் வழியாக ஆண்டெனாவுக்குக் கடத்தினார். கூடுதல் ஆற்றலைச் சேமிக்கவும், விரும்பிய அலைநீளத்துக்குச் சுற்றை இசைவிக்கவும் இது வழிசெய்தது. 1900 இல் வடகடலில் கூக்ஸ்ஹாஃபனுக்கும் ஹெல்கோலாந்துத் தீவுக்கும் இடையே ஏறத்தாழ 62 கி.மீ. தொலைவுக்குச் செய்தி அனுப்பப்பட்டது. 1903 இல் உருவான டெலிஃபுங்கன் நிறுவனத்தில் இவருடைய காப்புரிமைகளும் சேர்ந்தன.

சுருள் ஆண்டெனா

அக்காலத்தில் தொலைதூரச் செய்திகளுக்கு ஆயிரக்கணக்கான மீட்டர் அலைநீளம் கொண்ட தாழ் அதிர்வெண் அலைகளே பயன்பட்டன. அவற்றைப் பெற நீண்ட கம்பியை உயரத்தில் கட்ட வேண்டும் என்பது பொதுக்கருத்து. பிரவுன் 1913 இல் ஒரு சட்டகத்தில் சுற்றிய கம்பிச்சுருளைக் கொண்டு, ஏறத்தாழ 400 கி.மீ. தொலைவிலுள்ள பாரிசின் ஈபெல் கோபுர நிலையத்தின் சைகைகளை ஸ்ட்ராஸ்பூர்க்கில் பெற்றார்.

இத்தகைய சுருள், அலையின் காந்தப்புலம் மாறும்போது தன்னுள் தூண்டப்படும் மின்னழுத்தத்தைப் பயன்படுத்துகிறது. இம்மின்னழுத்தம் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் பரப்புக்கும் நேர்விகிதத்திலும், அலைநீளத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். ஆகவே நீண்ட அலைகளில் சுருள் பெறுவது மிகச் சிறிதே. ஆனால் சுருளைத் திருப்பும்போது ஒரு நிலையில் சைகை ஏறக்குறைய மறைந்துவிடும். அதைக்கொண்டு நிலையத்தின் திசையை அறியலாம்.

2007 இல் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாடு அமெச்சூர் வானொலிக்கு 135.7–137.8 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒதுக்கியது. இதன் அலைநீளம் சுமார் 2200 மீட்டர். கால் அலைநீளக் கம்பம் எழுப்ப 550 மீட்டர் உயரம் வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் அது ஆகாத காரியம். எனவே மரச்சட்டத்தில் சுற்றிய சுருள், ஃபெரைட் தண்டில் சுற்றிய சுருள் எனப் பலவற்றை இவ்வலைவரிசையில் கேட்போர் பயன்படுத்துகின்றனர். செயல்படும் முறை பிரவுனுடையதுதான். ஃபெரைட் தண்டும், மிகச் சிறிய சைகையைப் பெருக்கும் மின்னணுக் கருவிகளுமே புதியவை.

நியூயார்க்கில் இறுதிக் காலம்

முதல் உலகப்போர் தொடங்கியதும் ஜெர்மனியின் கடலடித் தந்திக் கம்பிகளைப் பிரித்தானியா துண்டித்தது. அமெரிக்காவுடன் நேரடித் தொடர்புக்கு எஞ்சிய வழிகளுள் ஒன்று நியூயார்க்குக்கு அருகே சேவில் என்னுமிடத்தில் டெலிஃபுங்கன் அமைத்த நிலையம். அதன் மீது மார்க்கோனி நிறுவனம் காப்புரிமை வழக்குத் தொடுத்தது. சாட்சி சொல்வதற்காக 64 வயதான பிரவுன், 1914 இறுதியில் ஜோனதன் செனெக்குடன் அட்லாண்டிக்கைக் கடந்தார். எதிர்த்தரப்பில் சாட்சியாக வந்தவர் மார்க்கோனி. இருவரும் ஒரே பரிசைப் பகிர்ந்து ஆறு ஆண்டுகள்கூட முழுமையாகக் கடந்திருக்கவில்லை! 1915 மே மாதம் இத்தாலி போரில் இறங்கியதால் மார்க்கோனி நாடு திரும்பினார். சேவில் நிலையத்தை அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கக் கடற்படை எடுத்துக்கொண்டது.

பிரவுனால் திரும்ப இயலவில்லை. 1917 ஏப்ரலில் அமெரிக்காவும் போரில் இறங்கியதால் அவர் பகைநாட்டவராகக் கருதப்பட்டார். புரூக்ளினில் நடமாட மட்டும் அனுமதி இருந்தது. போர் முடிவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்னர் அங்கேயே காலமானார். அவருடைய சாம்பல் பின்னர் ஃபுல்டாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.